மார்பகப் புற்றுநோய்: நம் பெண்களுக்கு மட்டும் வராதா?

"நாலு பிள்ளை பெற்று, நாலுக்கும் இரண்டு வருஷம் பால் கொடுத்த உடம்பு. அந்த நோயெல்லாம் நமக்கு வராது." நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படிச் சொல்வதைப் பலரும் கேட்டிருப்போம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான், கட்டி கையில் தட்டுப்பட்ட பிறகும் மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் இருக்க வைக்கிறது. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது.

இங்கிலாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களுக்கும் கறுப்பினப் பெண்களுக்கும் வெள்ளையினப் பெண்களைவிட இந்நோய் குறைவாகவே வருகிறது. காரணம் பிறவியிலேயே உள்ள இன வேறுபாடா, வேறு ஏதாவதா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'மில்லியன் விமன் ஸ்டடி'யில் சேர்ந்த பத்து லட்சம் நடுத்தர வயதுப் பெண்களின் விவரங்களை வைத்து 2014இல் இதை ஆராய்ந்தார்கள். தெற்காசியப் பெண்களுக்கு 18 சதவீதமும் கறுப்பினப் பெண்களுக்கு 15 சதவீதமும் குறைவு என்று தெரிந்தது. ஆனால் எத்தனை பிள்ளைகள், முதல் பிள்ளை எந்த வயதில், தாய்ப்பால் கொடுத்தாரா, மது அருந்துகிறாரா, மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுத்தாரா என்பது போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் பெண்களைக் காத்தது அவர்கள் வாழ்ந்த விதம்தான்.

அது எவ்வளவு காக்கும்? 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002இல் வெளிவந்த ஆய்வு இதற்குக் கணக்குச் சொல்கிறது. ஒவ்வொரு பிள்ளைப்பேறுக்கும் ஆபத்து 7 சதவீதம் குறைகிறது. அதோடு, மொத்தமாகப் பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதம் குறைகிறது. இரண்டு பிள்ளைகள் பெற்று, இருவருக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள் பாலூட்டியவருக்குக் கால்பங்குக்குச் சற்று அதிகமாக ஆபத்து குறையும். மீதி முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நிலை இன்னும் யோசிக்க வைக்கிறது. அவர்களுக்கு இந்நோய் வெள்ளையினப் பெண்களைவிட அதிகமாக வருவதில்லை. ஆனால் அதில் இறப்பவர்கள் சுமார் 40 சதவீதம் அதிகம். தாமதமான சிகிச்சை, வறுமை, பாகுபாடு எல்லாம் அதற்குக் காரணம். ஹார்மோன் மருந்துக்குக் கட்டுப்படாத கடுமையான வகை அவர்களிடம் இருமடங்கு காணப்படுவதும் ஒரு காரணம். 2014இல் வந்த ஆய்வொன்றில், பல பிள்ளைகள் பெற்றும் பாலூட்டாத கறுப்பினப் பெண்களிடம் இந்த வகையின் ஆபத்து கூடியிருந்தது. பாலூட்டியவர்களிடம் அவ்வளவு கூடவில்லை. பேறுகாலத்துக்குச் சம்பளத்துடன் விடுப்பு தர தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் கூட்டரசுச் சட்டம் இல்லாத நாடு அது. பிள்ளை பெற்ற சில வாரங்களில் வேலைக்கு ஓடும் தாயிடம் "ஏன் பாலூட்டவில்லை" என்று கேட்பதில் நியாயமில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். இந்திய முஸ்லிம் பெண்ணின் சராசரிப் பிள்ளைப்பேறு 1992-93இல் 4.4. அதுவே 2019-21இல் 2.4 ஆகிவிட்டது. பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், திருமணம் தள்ளிப் போகிறது. அது நல்ல மாற்றம். யாரும் அதைக் குறை சொல்லத் தேவையில்லை. ஆனால் உம்மம்மாவின் உடம்புக்கு இருந்த காப்பு பேத்திக்கு அதே அளவில் கிடைக்காது. நம் கையில் மிஞ்சியிருப்பது பாலூட்டுவது. அல்பகரா அத்தியாயம் பாலூட்டலுக்கு இரண்டு முழு ஆண்டுகளைச் சொல்வது நமக்குத் தெரியும். அதே வசனம் அந்தக் காலத்தில் தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குவதை மாப்பிள்ளைமார் கொஞ்சம் மறந்துவிடுகிறோம். வேலைக்குப் போகும் மருமகளுக்குப் பால் கொடுக்க நேரமும் ஓய்வும் தருவது குடும்பத்தின் வேலை. பிள்ளை இல்லாத சகோதரிகளையும், பால் சுரக்காமல் தவித்த தாய்மாரையும் இந்தக் கணக்குகளைக் காட்டி நோகடிக்கவும் கூடாது.

இன்னொரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. பிள்ளைப்பேறு தரும் காப்பு உடனே வருவதில்லை. பிரசவத்துக்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஆபத்து சற்றுக் கூடுகிறது. ஐந்தாம் ஆண்டு வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகுதான் இறங்குகிறது. இளம் வயதில் இந்நோய் வருவது அரிது என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாலூட்டும் தாய்க்குக் கட்டி தெரிந்தால் எல்லோரும் "பால்கட்டு" என்று சொல்லி ஒத்தடம் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பால்கட்டுதான். இரண்டு வாரத்தில் கரையவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பெண் டாக்டர்தான் வேண்டுமென்றால் அவரையே தேடிப் போகலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. குழந்தைக்கும் எந்தத் தீங்கும் இல்லை.