கண்ணு சிவந்தா மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீங்க!

இந்த வாரம் ஒரு வில்லனை அறிமுகப்படுத்தறேன். பேரு அகாந்தமீபா. ஒரே ஒரு செல்தான் மொத்த உடம்பும். குழாய்த் தண்ணி, ஏரி, சேறு, தூசு... எல்லா இடத்துலயும் சாருக்கு வீடு உண்டு. தினமும் அவரைத் தாண்டித்தான் போறோம், ஒண்ணும் ஆகறதில்லை. ஆனா கண்ணோட முன்பக்கக் கண்ணாடியான கார்னியாவுல ஒரு கீறல் விழுந்து, அது வழியா உள்ளே புகுந்துட்டார்னா, பார்வையே போகலாம்!

'நான் கான்டாக்ட் லென்ஸ் போடறதில்லை, எனக்கென்ன?'ன்னு கேக்கறீங்களா? வெளிநாடுகள்ல இந்த நோய் பெரும்பாலும் லென்ஸ் போடறவங்களுக்குத்தான் வருது. நம்ம ஊர் கதை வேற. லென்ஸே போடாதவங்களுக்கும் இது வருதுன்னு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் 1990-லயே எழுதிட்டாங்க. இங்கே காரணம் பெரும்பாலும் கண்ணுல அடிபடறது, மண், அழுக்குத் தண்ணி. அம்பத்தூர் எஸ்டேட்ல கிரைண்டிங் மெஷின் பக்கத்துல நிக்கறப்போ தூள் தெறிக்குது, உடனே டிரம் தண்ணியில கண்ணைக் கழுவறோம். யோசிச்சுப் பாருங்க!

அரிதான நோய்ங்கறதுதான் பெரிய ஆபத்து. யாருக்கும் சட்டுனு சந்தேகம் வராது. பார்க்க அக்கி வைரஸ் மாதிரியோ, பூஞ்சை மாதிரியோ இருக்கும். வலி மட்டும் பல பேருக்கு உயிர் போகும். 'அண்ணே, கண்ணு சிவப்புக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க'ன்னு கடையில கேட்டா, அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். சிவப்பு குறையும்; உள்ளே கிருமி ஜாலியா வளரும்.

சரி, எப்படிக் கண்டுபிடிக்கறாங்க? புண்ணை லேசா சுரண்டி, மைக்ராஸ்கோப்ல பார்ப்பாங்க. இன்னொண்ணு செம சுவாரஸ்யம். தட்டு முழுக்க பாக்டீரியாவைப் பரப்பி, நடுவுல சுரண்டினதை வைப்பாங்க. அமீபா இருந்தா பாக்டீரியாவைத் தின்னுக்கிட்டே தடம் போட்டு நகரும். ஆனா ரிசல்ட் வர சில நாள் ஆகும்.

இங்கேதான் நம்ம இன்ஜினீயரிங் என்ட்ரி! கான்ஃபோகல் மைக்ராஸ்கோப். ஐடியா யாரோடது தெரியுமா? செயற்கை நுண்ணறிவு முன்னோடி மார்வின் மின்ஸ்கி, மூளை நரம்புகளைப் பார்க்கணும்னு யோசிச்சு 1957-ல பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சார். டெக்னிக் சிம்பிள்: டிடெக்டர் முன்னாடி ஒரு குட்டி ஓட்டை. ஃபோகஸ்ல இருக்கற அடுக்கோட வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். மேலேயும் கீழேயும் இருந்து வர்ற மங்கல் வெளிச்சம் வெளியே நிக்கும். அரை மில்லிமீட்டர் தடிமன் கார்னியாவை, வெட்டாம சுரண்டாம, அடுக்கு அடுக்கா படம் எடுக்கலாம். கண்ணை மரத்துப்போக வெச்சுட்டு மெஷின் முனையைத் தொட வைப்பாங்க, அவ்வளவுதான். பூஞ்சை வெள்ளைக் கோடாத் தெரியும்; அமீபா கூடு பளிச்னு உருண்டையாத் தெரியும்.

நம்பலாமா? 2016-ல வெளியான மதுரை அரவிந்த் ஆய்வு சொல்லுது. மோசமான கார்னியா புண்ணோட வந்த 239 பேர். லேப் டெஸ்ட்படி 176 பேருக்கு பூஞ்சை, 17 பேருக்கு அமீபா. லேப் ரிசல்ட் தெரியாம படத்தை மட்டும் பார்த்தவங்க, அமீபா கேஸ்கள்ல நூத்துக்கு 88-ஐ சரியாப் பிடிச்சாங்க. அப்போ மீதி 12? அதனாலதான் லேப் டெஸ்ட்டும் வேணும். சாதாரண பாக்டீரியா இந்த மெஷினுக்கு ரொம்பப் பொடிசு, தெரியாது.

எந்த டெஸ்ட் எடுக்கணும்னு டாக்டர் முடிவு பண்ண, உங்க வாய்தான் முதல் க்ளூ. 'மூணு நாள் முன்னாடி தூள் பட்டுச்சு', 'லென்ஸோட குளிச்சேன்', 'கடையில டிராப்ஸ் வாங்கிப் போட்டேன்'... எதையும் மறைக்காதீங்க. திட்டுவாங்களோன்னு பயந்தா நஷ்டம் நம்ம கண்ணுக்குத்தான்.

நம்ம ஏரியாவுக்கு எங்கே போறது? பூந்தமல்லி ஹை ரோட்டுல நூம்பல் அரவிந்த் 2017-ல வந்தாச்சு. 1819-ல தொடங்கின எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் இருக்கு. வலியோட சிவந்து, வெளிச்சம் பார்த்தா கூசுதா? செமஸ்டர் எக்ஸாம் முடியட்டும்னு தள்ளிப்போடாதீங்க. அரியர் வெச்சா அடுத்த தடவை எழுதிக்கலாம், கண்ணுக்கு அந்த வசதி கிடையாது பாஸ்!