ஒரு நாடு, இரண்டு கோபுரம்!



மாநில உரிமை என்று மேடைதோறும் முழங்குகிறோம். நிதி பற்றிப் பேசுகிறோம். வரி பற்றிப் பேசுகிறோம். மொழி பற்றிப் பேசுகிறோம். நீதிமன்றம் பற்றி மட்டும் பேசுவதில்லை. அது வழக்கறிஞர் வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஒதுக்கலாமா? சட்டமன்றத்திலே பிறக்கும் உரிமை, நீதிமன்றத்திலே அல்லவா வாழ்கிறது, அல்லது சாகிறது!

நம் நாட்டில் கோபுரம் ஒன்றுதான். மத்திய அரசின் சட்டமாயினும் மாநில அரசின் சட்டமாயினும், கீழமை நீதிமன்றம், உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று ஒரே படிக்கட்டில்தான் வழக்கு ஏறுகிறது. அமெரிக்காவிலோ கோபுரம் இரண்டு. கூட்டரசுக்கென 94 மாவட்ட நீதிமன்றங்கள், அவற்றின் மேல் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள், உச்சியில் ஒன்பது நீதிபதிகள் அமரும் உச்சநீதிமன்றம். அதற்கு அருகிலேயே, 50 மாநிலங்களும் தத்தமக்கென விசாரணை மன்றமும் உச்ச மன்றமும் வைத்திருக்கின்றன.

எந்த வழக்கு எந்த வாயிலில் நுழையும்? அதைத்தான் ‘அதிகார வரம்பு’ என்பார்கள். கொலை, களவு, மணமுறிவு, சொத்துத் தகராறு, ஒப்பந்த மீறல் போன்றவை பெரும்பாலும் மாநில மன்றத்துக்கு உரியவை. அந்நாட்டு வழக்குகளில் மிகப் பெரும் பகுதி அங்கேதான் நடக்கிறது. அரசமைப்புச் சட்டச் சிக்கல், கூட்டரசின் சட்டம், திவால், காப்புரிமை முதலியன கூட்டரசு மன்றத்துக்குப் போகும்.

வழக்குத் தொடுப்பவர் வாதி, எதிர்நிற்பவர் பிரதிவாதி. குற்ற வழக்கிலே தொடுப்பது அரசு. எதிரே நிற்பவர் குற்றம் சாட்டப்பட்டவர். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை அவர் குற்றவாளி அல்லர். தீர்ப்பு தவறென்று மேல் மன்றம் செல்வது மேல்முறையீடு. ‘இந்த மனிதனை எந்தச் சட்டப்படி அடைத்து வைத்தாய்?’ என்று ஆட்சியைக் கேட்பது ஆட்கொணர்வு மனு. இச்சொற்கள் ஏட்டுச் சுரைக்காய்கள் அல்ல. இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

1961. புளோரிடா மாநிலம். கிளாரன்ஸ் ஏர்ள் கிடியன் என்ற ஏழை, பில்லியர்ட்ஸ் ஆட்டக்கூடம் ஒன்றில் திருடும் எண்ணத்தோடு உடைத்து நுழைந்தார் என்பது குற்றச்சாட்டு. ‘வழக்கறிஞர் வைக்க வசதியில்லை, ஒருவரை அமர்த்தித் தாருங்கள்’ என்று அவர் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கானால் மட்டுமே அமர்த்த முடியும் என்றது மாநில மன்றம். தாமே வாதாடினார், தோற்றார், ஐந்தாண்டுச் சிறை! ஆட்கொணர்வு மனு போட்டார். மாநில உச்ச மன்றம் தள்ளியது. சிறையிலிருந்து பென்சிலால் எழுதி நாட்டின் உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963 மார்ச் 18-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாய்த் தீர்ப்பளித்தனர்: பெருங்குற்ற வழக்கில் ஏழைக்கு வழக்கறிஞர் அமர்த்துவது மாநிலத்தின் கடமை. மறுவிசாரணை நடந்தது. இம்முறை வழக்கறிஞர் உண்டு. கிடியன் விடுதலையானார்.

மாநிலம் மறுத்ததை மைய மன்றம் வழங்கியது. ‘அப்படியானால் எல்லா அதிகாரமும் மையத்திடமே இருந்தால் என்ன?’ என்று கேட்பார் உண்டு. அவர்களுக்கு விடை, இரண்டாம் வழக்கு.

டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோ நகரம். அங்கே எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி வட்டாரம். மெக்சிகோ வழிவந்த மக்கள் நிறைந்தது. அருகே ஆலமோ ஹைட்ஸ் என்ற செல்வர் வட்டாரம். 1967-68இல் எட்ஜ்வுட்டில் ஒரு மாணவனுக்குச் செலவு 356 டாலர். ஆலமோ ஹைட்சில் 594 டாலர். ஏழை வட்டாரம் கூடுதல் விகிதத்தில் சொத்துவரி கட்டியது. ஆனால் சொத்தின் மதிப்போ குறைவு! டெமெட்ரியோ ரோட்ரிகஸ் முதலான பெற்றோர் கூட்டரசு மன்றம் சென்றனர். 1973இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கைவிரித்தது. கல்வி, நாட்டின் அரசமைப்பு தரும் அடிப்படை உரிமை அன்று என்றது.

கதை முடிந்ததா? இல்லை. மாநிலத்துக்கெனத் தனி அரசமைப்பு உண்டு. திறமான பொதுப்பள்ளி முறையை அமைப்பது சட்டமன்றத்தின் கடமை என்று 1876ஆம் ஆண்டின் டெக்சாஸ் அரசமைப்பு சொல்கிறது. அதைப் பற்றிக்கொண்டு அதே எட்ஜ்வுட், மாநில மன்றத்தின் கதவைத் தட்டியது. 1989இல் டெக்சாஸ் உச்சநீதிமன்றம் ஒருமனதாகக் கூறிற்று: இந்த நிதிமுறை செல்லாது! சட்டமன்றம் பலமுறை தடுமாறியது. 1993இல் இயற்றிய சட்டமே 1995இல் நீதிமன்றத்தின் ஏற்பைப் பெற்றது. மையம் அடைத்த கதவை மாநிலம் திறந்தது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நாட்டின் அரசமைப்பு தளம், கூரை அன்று. தளத்துக்குக் கீழே தோண்ட எந்த மாநிலத்துக்கும் உரிமையில்லை. மேலே கட்டுவதைத் தடுக்க மையத்துக்கும் உரிமையில்லை. ‘மாநில உரிமை’ என்ற சொல்லைக் கேடயமாக்கி, 1957இல் ஆர்கன்சாவின் ஆளுநர் கறுப்பின மாணவரைப் பள்ளிக்குள் விடாது தடுத்ததும் வரலாறு. அந்தப் போலி உரிமை நமக்கு வேண்டாம். மக்களின் உரிமையை வளர்க்கும் மாநில உரிமையே நாம் கேட்பது.

அமெரிக்காவை அப்படியே பின்பற்றச் சொல்லவில்லை. பல மாநிலங்களில் நீதிபதிகள் வாக்குக் கேட்டுத் தேர்தலில் நிற்கிறார்கள். அது நமக்கு ஆகாது. ஆனால், மாநிலச் சட்டத்தின் பொருள் இன்னதென்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை அங்கே மாநில உச்ச மன்றத்துக்கே உண்டு. இங்கோ அதற்கும் டில்லியே முடிவிடம். மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் பொதுப் பட்டியலுக்குப் போயிற்று. எட்ஜ்வுட் மக்களுக்கு இரண்டாம் கதவு இருந்தது, நமக்கு எது? இந்தக் கேள்வியை ஊர்தோறும் எழுப்புங்கள்.

எழுப்பும்போதே இன்றைய கடமையையும் செய்யுங்கள். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்பவர், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, இலவச வழக்கறிஞர் கேட்கலாம். இதை அறியாத ஏழை உங்கள் தெருவிலும் இருப்பார். கிடியனுக்குக் கிடைத்த உதவி அவருக்கும் கிடைக்க, வட்டச் சட்டப் பணிகள் குழுவின் வாயில்வரை உடன் செல்லுங்கள். அதுவும் கட்சிப் பணியே!