சிப்பி என்ன தண்டி, அண்ணாச்சி?

“பொய் சொல்லுதே” என்று முகத்துக்கு நேரே சொன்னால் சண்டை வரும். “அளக்காதலே” என்றால் சிரிப்பு வரும். கப்சா, புருடா, சரடு, பீலா, ஆகாசப்புளுகு என்று இத்தனை சொற்களைப் புழக்கத்தில் விட்ட நம் முன்னோர், ஆளை நோகடிக்காமல் பேச்சை மட்டும் தட்டிக்கேட்க வழி செய்து வைத்தார்கள்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. முத்துக் கதைகள் நிற்கவில்லை. மில்லர்புரத்து டீக்கடையில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் நொங்கு தண்டி முத்து எடுத்ததாகச் சொன்னார். பக்கத்திலிருந்தவர் டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, “அப்போ சிப்பி வள்ளம் தண்டி இருந்திருக்குமே, அண்ணாச்சி?” என்றார். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. முதலில் சிரித்தது பெரியவர்தான். பக்கத்திலிருந்தவர் பெரியவர் சொன்னதை மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டு, கூடவே இன்னும் நாலு எட்டு நடந்து, முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கதையைக் காதுகொடுத்துக் கேட்டவருக்குத்தான் இந்த நக்கல் கைவரும்.

நகைச்சுவை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதலிடம் எள்ளலுக்கு. நம் மாவட்டத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியம் செய்தவரும் 1732-இல் சதுரகராதியைத் தந்தவருமான வீரமாமுனிவர், தாம் எழுதிய பரமார்த்த குரு கதையில் வரும் சீடர்கள் ஐவருக்கும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று பெயரிட்டார். ஆறு விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான் ஒரு சீடன். ‘சுர்’ரென்று சத்தம் வர, பயந்து ஓடுகிறார்கள். பிறகு அணைந்த அதே கட்டையை வைக்கிறார்கள். சத்தமில்லை, ஆறு தூங்கிவிட்டதாம்! இத்தனை மூடத்தனத்தையும் படித்துவிட்டு அவர்கள் மேல் நமக்குப் பிரியம்தான் வருகிறது.

இன்று கைபேசித் திரையில் ஓடும் கேலியில் ஒரு பகுதி சாதியையும் நிறத்தையும் உடம்பையும் குறிவைக்கிறது. அதை நக்கல் என்று ஏற்க எங்களால் முடியாது. எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரிடம் சொல்லக் கூசும் சொல் அது.

கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுச் சொற்களை அகராதியாக்கினார். கடற்கரையின் கேலிச் சொற்களையும் அப்படித் தொகுக்க ஆசைப்படுகிறோம். உப்பளத்தில், துறைமுக வாசலில், சங்கு குளிக்கிறவர்களிடம், உங்கள் வீட்டு ஆச்சியிடம் கேட்டு எழுதுங்கள். சொல்லை மட்டும் அனுப்பினால் போதாது. யார் யாரிடம், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார், கேட்டவர் என்ன பதில் கொடுத்தார் என்பதும் வேண்டும். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை இதற்கென்றே ஒதுக்குகிறோம்.