நுரை பொங்கும் ஏரியும் கண்காட்சிக் கூடமும்

2024 ஜனவரியில், கர்நாடக அரசின் ஆதரவுடன் இயங்கும் சயின்ஸ் கேலரியின் புதிய கட்டடம் பெங்களூருவில் திறக்கப்பட்டது. அங்கு நடந்த முதல் கண்காட்சியின் கருப்பொருள் ‘கார்பன்’. இரண்டு மாதங்கள்கூடக் கழியவில்லை. மார்ச் மாதத்தில் அதே நகரம் குடிநீருக்குத் தவித்தது. ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாகத் துணை முதலமைச்சர் டி.கே.சிவகுமாரே அறிவித்தார். தண்ணீர் லாரிகளின் கொள்ளையைத் தடுக்க அரசு விலை நிர்ணயம் செய்ய வேண்டியதாயிற்று. கண்காட்சி பேசிய நெருக்கடி, கூடத்திற்கு வெளியே காலிக் குடங்களோடு வரிசையில் நின்றது.

இத்தகைய முயற்சிகளை எள்ளி நகையாடுவது சரியல்ல. கலைஞரும் அறிவியலாளரும் இணைந்து, கட்டணமின்றிப் பொதுமக்களுக்குக் கதவைத் திறப்பது வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. சூழலியல் கலை பெரும்பாலும் ‘மனிதன் இயற்கையை அழித்தான்’ என்கிறது. எந்த மனிதன்?

தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று கெம்பேகவுடா பேருந்து நிலையம் நிற்கிறது. சம்பங்கி ஏரியின் இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் எழுந்தது. எஞ்சிய ஏரிகளைச் சூழ்ந்து மனை வணிகம் வளர்ந்தது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் அவற்றில் கலந்தது. 2015லும் 2017லும் பெல்லந்தூர் ஏரி தீப்பற்றியபோது நாடே வியந்து பார்த்தது. 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், கர்நாடக அரசு 50 கோடி ரூபாயும் மாநகராட்சி 25 கோடி ரூபாயும் செலுத்த வேண்டுமென ஆணையிட்டது. தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கும் குடிசைவாசியையும், ஏரிக்கரையை விற்று லாபம் ஈட்டியவரையும் ‘மனிதன்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்குவது உண்மையை மறைப்பதாகும்.

பெல்லந்தூரின் நீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை, பெங்களூரு அனுப்பிவைப்பது. அதன் விலையைச் செலுத்துவோர் தமிழ்நாட்டு விவசாயிகள். லண்டன் மாநகரின் கழிவு நிலத்திற்கு உரமாகாமல் தேம்ஸ் நதியை நஞ்சாக்குவதை ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலான அந்தப் பிளவு இன்று தென்பெண்ணையில் நுரைக்கிறது. கன்னடர், தமிழர் என்று பிரித்துப் பகைமூட்டுவோர் இந்த நுரையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கலை வெளியே வரும்போது என்ன நிகழும் என்பதற்கும் பெங்களூருவே சான்று. 2015 ஜூனில் சுல்தான்பாளையாவில் சாலைப் பள்ளத்தில் தேங்கிய நீரில் ஒரு முதலையின் உருவத்தை வைத்தார் ஓவியர் பாதல் நஞ்சுண்டசாமி. கண்டும் காணாதிருந்த நிர்வாகம் பள்ளத்தை மூட விரைந்தது. 2016இல் அரசின் வெங்கடப்பா கலைக்கூடத்தைத் தனியார் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கும் திட்டத்தை எதிர்த்துக் கலைஞர்களே வீதியில் இறங்கினர். பொதுவெளிக்கான போராட்டமும் ஏரிக்கான போராட்டமும் வெவ்வேறல்ல. பொதுச்சொத்து யாருக்கு என்பதே இரண்டிலும் உள்ள கேள்வி.

ஆகவே கண்காட்சிகள் பெருகட்டும். ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கும் ஓசூர்க் கிராமங்களுக்கும் அவை செல்லட்டும். கழிவுநீர்க் குழியில் இறங்கும் தொழிலாளியும் நுரைநீர் பாயும் வயலில் நிற்கும் விவசாயியும் அவற்றின் பார்வையாளர்களாக மட்டுமன்றிப் படைப்பாளர்களாகவும் ஆகட்டும். அதற்கான பாலம் அமைப்பது தொழிற்சங்கங்களும் விவசாய அமைப்புகளும் கலை இலக்கிய அமைப்புகளும் கைகோத்துச் செய்ய வேண்டிய பணி.