வெயிலுக்கும் ஒரு கோட்டிங் போடு மச்சி!

திருப்பூர்ல இருக்கிறவங்க காதுல தினம் ஒரு தடவையாவது விழுற கேள்வி... 'சாயம் போகுமா?' தண்ணியில போகுதா, வியர்வையில போகுதா, வெளிச்சத்துல போகுதானு தனித்தனி டெஸ்ட்டே இருக்கு. வெளிச்ச டெஸ்ட்டுக்கு லேப்ல செனான் விளக்கு. துணியில பாதியை மூடி வெச்சுட்டு மீதியில வெளிச்சம் அடிப்பாங்க. கூடவே 1 முதல் 8 வரை நம்பர் போட்ட நீலக் கம்பளித் துண்டுகளை வெச்சு ஒப்பிடுவாங்க. 1 வாங்கினா சீக்கிரம் வெளுக்கும். 8 வாங்கினா கில்லி!

இந்த வாரம் அதே கேள்வியைப் படகுகிட்ட கேட்போமா?

ப்ராஜெக்ட்டுக்குக் கயாக் செய்ற கோஷ்டிகளே, கவனிங்க! பிளைவுட்டை வெட்டி, ஓரங்களைக் கம்பியால தைச்சு, எபாக்ஸியும் ஃபைபர் துணியும் போட்டா படகு ரெடி. பளபளனு மின்னும். ஆனா, அதோட நிறுத்தினா டேஞ்சர்! எபாக்ஸி தண்ணிகிட்ட பயில்வான், வெயில்கிட்ட நோஞ்சான். புற ஊதாக் கதிர் பட்டுக்கிட்டே இருந்தா மஞ்சளாகும். அப்புறம் விரலால தேய்ச்சா சாக்பீஸ் மாதிரி மாவு ஒட்டும். அடியில மரத்தோட லிக்னினும் சிதையும், பூச்சு உரியும், விரிசல் வழியா தண்ணி பிளைவுட்டுக்குள்ள இறங்கும். டீ-ஷர்ட் வெளுத்தா வீட்டுக்குள்ள போட்டுக்கலாம். நடு ஆத்துல படகு பிரிஞ்சா..?

நம்ம பரிசல்காரங்க இதை எப்பவோ சமாளிச்சுட்டாங்க. பவானிசாகர்லயோ ஒகேனக்கல்லயோ பரிசலைக் கவுத்து வெச்சிருக்கிறதைப் பார்த்திருப்பீங்க. மூங்கில் பின்னல், மேல பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல கறுப்புத் தார். ஓட்டையை அடைக்கிறதோட தாரோட வேலை முடியலை. வெளிச்சத்தைத் தானே வாங்கிக்கிட்டு, உள்ளே விடாம தடுக்குது. பதிலுக்கு அதுவே காய்ஞ்சு வெடிக்கும், மறுபடி பூசணும்.

'அப்ப நம்ம கயாக்குக்கும் கறுப்பு அடிச்சுடலாமா?' ம்ஹூம்! கறுப்பு சூட்டை இழுக்கும். வீட்ல கலந்து பூசுற சாதாரண எபாக்ஸி ஐம்பது, அறுபது டிகிரிக்கே இளக ஆரம்பிக்கும். அதனால வெள்ளை, வெளிர் மஞ்சள் மாதிரி லைட் கலர்தான் சேஃப்.

கடையில என்ன கேட்கணும்?

* பட்ஜெட் டைட்டா? மரம் தெரியாத மாதிரி பெயின்ட்டே அடிங்க. வெளிப்புற உபயோகத்துக்கான, மஞ்சளாகாத டூ-பேக் பி.யு. பெயின்ட் நல்ல சாய்ஸ். எபாக்ஸி பெயின்ட் அடியில ப்ரைமரா மட்டும் இருக்கட்டும்.

* மரத்தோட அழகு தெரியணுமா? புற ஊதாத் தடுப்பு கலந்த மரைன் வார்னிஷ், அஞ்சாறு கோட். ஃபர்னிச்சர் வார்னிஷ் வேண்டவே வேண்டாம்! பளபளப்பு மங்கினா லேசா உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி ஒரு கோட்.

* பிளாஸ்டிக் டிரம்ல மிதவை கட்டுறீங்களா? அதுல பெயின்ட் நிக்காது. வெயில் தாங்குற மருந்து தயாரிக்கும்போதே பிளாஸ்டிக்குள்ள கலந்திருக்கணும். பழைய டிரம்மை அழுத்திப் பார்த்து, நொறுங்குற மாதிரி இருந்தா கழிச்சுக் கட்டுங்க.

* காசே இல்லாத கோட்டிங்... நிழல்! வேலை முடிஞ்சதும் கவுத்து, காத்து போற மாதிரி மூடி வைங்க.

எதை வாங்கினாலும் முதல்ல நம்ம ஊர் டெஸ்ட். அதே பிளைவுட்ல நாலு துண்டு வெட்டி, நாலு விதமா பூசி, பாதியை அலுமினியத் தாளால மூடி ஹாஸ்டல் மொட்டை மாடியில போடுங்க. ஏப்ரல், மே ரெண்டு மாசம் போதும். எது தேறாதுனு வெயிலே மார்க் போட்டுடும்!

கடைசியா ஒண்ணு. படகுல ஏறும்போது லைஃப் ஜாக்கெட்டையும் பாருங்க. ஆரஞ்சு வெளுத்து, நாடா மொரமொரனு ஆகியிருந்தா அதைத் தொடாதீங்க. நைலானும் பாலியெஸ்டரும் வெயில்ல நிறத்தை மட்டும் இழக்கிறதில்லை, பலத்தையும் சேர்த்துத்தான் இழக்குது. பனியன் கம்பெனி ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித்தரணுமா என்ன?