மார்க் அதே, ரேங்க் வேற... தூத்துக்குடி மாணவர்களால் எம்.பி.பி.எஸ் சீட்டை முன்கூட்டியே கணிக்க முடியாதது ஏன்?

நீட் ரிசல்ட் வந்ததும் எல்லா வீட்டிலும் எழும் முதல் கேள்வி, "எவ்வளவு மார்க்?" அடுத்த கேள்விதான் கஷ்டமானது: "இதுக்கு சீட் கிடைக்குமா?"

தருவைக்குளம், புன்னைக்காயல், மணப்பாடு போன்ற கடலோர ஊர்களில் மட்டுமல்ல, சென்னையில் பெரிய கோச்சிங் சென்டரில் கேட்டாலும் இதற்கு உறுதியான பதில் கிடைக்காது. கவுன்சிலிங்கின் கடைசிச் சுற்று முடியும்வரை யாருக்கும் தெரியாது.

தூத்துக்குடியில் 1961-ல் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பு வரை, சிப்பிகளைத் திறக்காமலேயே ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கா, இல்லையா என்பது வாங்கியவருக்கே தெரியாது. ஆனால் அந்த ஏலத்தில் இறங்கியவருக்கு, அது ரிஸ்க் என்பது தெரியும். மருத்துவச் சேர்க்கையில் ரிஸ்க் எங்கே இருக்கு என்பதே பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

தூத்துக்குடி கல்லூரி, தூத்துக்குடி மாணவர்களுக்கா?

இல்லை. 2000-ல் தொடங்கப்பட்ட தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியில் 150 எம்.பி.பி.எஸ் இடங்கள் இருக்கின்றன. இதில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதி 85 சதவீதம் மாநில ஒதுக்கீடு. அதில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 31 சதவீதம் பொதுப்பிரிவு.

உள்ளூர் மாணவர் என்பதற்காக தனி முன்னுரிமை எதுவும் கிடையாது. அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கும் முறை இருந்தது. 1968-ல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதனால் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வீடு இருந்தாலும், ரேங்க் பட்டியலில் யார் முன்னால் நிற்கிறாரோ அவருக்குத்தான் இடம்.

இன்டர்வியூ இருந்த காலம்

ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் டாக்டர் படிப்புக்கு இன்டர்வியூவும் இருந்தது. 1970-ம் ஆண்டு சேர்க்கையில் மொத்தம் 275 மார்க்கில் 75 மார்க் இன்டர்வியூவுக்கு. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அதிகமாகத் தெரிகிறது என்றது. பின்னர் அஜய் ஹாசியா வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், இன்டர்வியூவுக்கு 15 சதவீதத்துக்கு மேல் மார்க் ஒதுக்குவது நியாயமில்லை என்று சொன்னது.

1984-ல் மாநில நுழைவுத் தேர்வு வந்தது. 2007-ல் அது ஒழிந்து, பிளஸ் 2 மார்க் மட்டுமே போதும் என்றானது. 2017 முதல் நீட் கட்டாயம். வேலூர் சி.எம்.சி. மட்டும் நீண்ட காலம் சொந்தத் தேர்வும் இன்டர்வியூவும் நடத்தியது. நீட் வந்தபோது, 2017-ல் 100 இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி எதிர்ப்பைக் காட்டியது. 2020-ல் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் இன்றைக்கும் இன்டர்வியூ அழைப்பு வந்தால்தான் மருத்துவ சீட். எந்தப் பல்கலைக்கழகம் யாரைக் கூப்பிடும் என்பது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி. இங்கே இன்டர்வியூ போய்விட்டது. ஆனால் நிச்சயமின்மை போகவில்லை. அது இன்டர்வியூ அறையிலிருந்து ரேங்க் பட்டியலுக்கும் கவுன்சிலிங் சுற்றுகளுக்கும் இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

மார்க் ஒண்ணு, ரேங்க் மூணு

இதோ ஒரு கணக்கு. 720-க்கு 600 மார்க்குக்கு மேல் எடுத்தவர்கள்:

• 2023: சுமார் 29 ஆயிரம் பேர்
• 2024: 80 ஆயிரத்துக்கும் மேல்
• 2025: 1,332 பேர் மட்டுமே

அதாவது 600 மார்க் எடுத்த மாணவர் 2024-ல் 80 ஆயிரத்தை ஒட்டி நின்றார். அதே மார்க் 2025-ல் நாட்டின் முதல் 1,500 பேருக்குள் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது. காரணம் கேள்வித்தாள். 2025 தேர்வில் இயற்பியல் கடுமையாக இருந்தது. நாட்டின் அதிகபட்ச மார்க்கே 686 தான்.

2024-ல் நடந்தது இன்னும் விசித்திரம். முதலில் 67 பேர் 720-க்கு 720 என்றார்கள். ஒரே ஒரு இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகளைச் சரி என்று ஏற்றிருந்தார்கள். ஒரு விடைதான் சரி என்று முடிவானதும் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு தலா 5 மார்க் போனது. திருத்திய பட்டியலில் முழு மார்க் எடுத்தவர்கள் 17 பேராகக் குறைந்தார்கள்.

அதனால் போன வருஷ கட்-ஆஃபை வைத்து இந்த வருஷம் சீட் கிடைக்குமான்னு கணக்குப் போடுவது பெரும்பாலும் ஏமாற்றத்தில்தான் முடியும். மார்க்கை மார்க்கோடு ஒப்பிடாமல் ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுவது ஓரளவு சரியாக வரும்.

'குவாலிஃபை' ஆனா சீட் உறுதியா?

இதுதான் அதிகம் பேர் ஏமாறும் இடம். 2025-ல் பொதுப்பிரிவுக்குத் தகுதி மார்க் 144. மொத்தம் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். அப்போது நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ் இடங்களோ சுமார் 1.18 லட்சம். அதில் பாதியளவுதான் அரசுக் கல்லூரி இடங்கள். தகுதி என்றால் கவுன்சிலிங்கில் பங்கேற்கலாம் என்று மட்டுமே அர்த்தம்.

சுற்றுக்குச் சுற்று கைமாறும் இடம்

கவுன்சிலிங் இரண்டு பாதையில் ஓடுகிறது. அகில இந்திய ஒதுக்கீட்டை டெல்லியில் உள்ள எம்.சி.சி. நடத்துகிறது. மாநில ஒதுக்கீட்டைச் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்துகிறது.

ஒரு மாணவருக்கு முதல் சுற்றில் தூத்துக்குடி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் அவருக்கு சென்னை மருத்துவக் கல்லூரி கிடைத்தால் தூத்துக்குடி இடம் காலியாகும். அது அடுத்த ரேங்க்காரருக்குப் போகும். அவர் விட்டுவந்த இடம் இன்னொருவருக்கு. ஒருத்தர் நகர்ந்தால் பின்னால் பத்துப் பேர் நகர்வார்கள். முதல் சுற்றில் எதுவுமே கிடைக்காதவருக்குக் கடைசிச் சுற்றில் நல்ல கல்லூரி கிடைப்பதும், அவசரப்பட்டு தனியார் கல்லூரியில் பணம் கட்டியவர் பிறகு வருத்தப்படுவதும் இதனால்தான்.

அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி: ஒரு பெரிய கோடு

2020-ல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இந்தக் குழப்பத்தில் ஓரளவு உறுதியைக் கொடுத்தது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இது பொருந்தும். முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டோருக்கு எம்.பி.பி.எஸ் இடம் கிடைத்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டத்தை உறுதி செய்தது.

ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் இதில் வரமாட்டார்கள். முத்துக்குளித்துறை ஊர்களில் திருச்சபைகள் நடத்தும் உதவி பெறும் பள்ளிகள் நிறைய. மீனவர் குடும்பமோ உப்பளத் தொழிலாளர் குடும்பமோ, வருமானம் ஒரே அளவுதான். பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் அரசுப் பள்ளியிலும் இன்னொருவர் உதவி பெறும் பள்ளியிலும் படித்திருந்தால், ஒரே மார்க்குக்கு இருவரின் வாய்ப்பும் வேறு வேறு. ஆறாம் வகுப்பில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதை யோசித்த பெற்றோர் எத்தனை பேர்?

இந்தக் காத்திருப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையின்படி, தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ் சேர்ந்தவர்களில் மறுமுறை தேர்வு எழுதியவர்களின் பங்கு 2016-17-ல் சுமார் 12 சதவீதம். 2020-21-ல் அது சுமார் 71 சதவீதம்.

இன்னொரு வருஷம் கோச்சிங் கட்டணம் கட்ட முடிந்தவருக்கு, ஒரு கடினமான கேள்வித்தாள் ஒரு வருஷத் தாமதம் மட்டுமே. கட்ட முடியாதவருக்கு டாக்டர் கனவே அத்துடன் முடியுது. தேர்வு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். அதில் தவறினால் மறுபடி முயலும் வசதி ஒன்றாக இல்லை. நீட் விலக்கு மசோதாவுக்கு குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியவை

• மார்க்கை விட மாநில ரேங்க்கையும், பிரிவு ரேங்க்கையும் பாருங்கள்.
• சாய்ஸ் ஃபில்லிங்கில் உண்மையான விருப்ப வரிசையிலேயே கல்லூரிகளைப் போடுங்கள். கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் அடுத்த கல்லூரிக்கான வாய்ப்பு குறையாது.
• அகில இந்திய கவுன்சிலிங்கில் அடுத்த சுற்றில் வேறு கல்லூரி ஒதுக்கப்பட்டால், பழைய இடம் தானாக ரத்தாகும். இப்போது கையில் இருப்பதை விட நல்லது என்று நினைக்கும் கல்லூரிகளை மட்டும் அப்போது பட்டியலில் வையுங்கள்.
• அகில இந்திய ஒதுக்கீட்டில் முதல் சுற்று இடத்தை அபராதம் இல்லாமல் விடலாம். அடுத்தடுத்த சுற்றுகளில் டெபாசிட் போகும். கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராவிட்டால் தடையும் வரும்.
• "பணம் கட்டினால் அரசு சீட் உறுதி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசிச் சுற்று முடியும்வரை அப்படி ஓர் உறுதியை யாராலும் தர முடியாது.