மூளையும் சரி, காலும் சரி... பிறகு ஏன் நடக்க முடியவில்லை? நியூராலிங்க் சிப் செய்வது என்ன?

2024 ஜனவரியில் அமெரிக்க இளைஞர் நோலண்ட் அர்பாவின் மூளையில் நியூராலிங்க் நிறுவனம் சிப் பொருத்தியது. கழுத்துக்குக் கீழே உடல் அசையாத அவர், மனதில் நினைத்தே கம்ப்யூட்டரில் செஸ் ஆடிய வீடியோ உலகம் முழுக்க வைரலானது. அப்படியானால் முடங்கியவர்கள் இனி எழுந்து நடந்துவிடலாமா? அந்த சிப்பின் வேலை அதுவல்ல.

எங்கே அறுகிறது?

கை, காலை அசைக்கும் கட்டளை, மூளையின் மேற்பரப்பில் ஹெட்ஃபோன் வளைவு போல ஓடும் ஒரு பட்டையில் பிறக்கிறது. பெயர், இயக்கப் புறணி. அங்கிருந்து கிளம்பும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை மூளைத்தண்டின் அடியில் பக்கம் மாறுகின்றன. வலது மூளையில் ஸ்ட்ரோக் வந்தால் இடது கை, கால் விழுவது இதனால்தான்.

அடுத்து தண்டுவடம். நீளம் சுமார் 45 செ.மீ., பருமன் சுண்டுவிரல் அளவு. அவ்வளவுதான்! முதுகெலும்பின் அடிவரைகூட இது போவதில்லை. கீழ் முதுகின் தொடக்கத்திலேயே முடிந்து, அதன்பின் நரம்புகள் குதிரைவால் போலத் தொங்குகின்றன. முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும்போது டாக்டர்கள் அந்தக் கீழ்ப்பகுதியில் குத்துவதற்கும் இதுவே காரணம்.

தண்டுவடத்தில் இருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிகின்றன. எனவே எந்த உயரத்தில் அடி என்பதுதான் எல்லாம். நடு முதுகு என்றால் கால்கள் போகும், கைகள் தப்பும். கழுத்து என்றால் கைகளும் போகலாம். மூச்சுக்கான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு கழுத்தின் 3, 4, 5-வது நரம்புகளில் இருந்து வருகிறது. அதற்கு மேலே அறுந்தால் மூச்சே சிக்கல். விபத்தில் விழுந்தவரை ஆளுக்கொரு கை, கால் பிடித்து ஆட்டோவில் ஏற்றுகிறோமே, பாதி அறுந்த தண்டுவடம் முழுதாக அறுவதற்கு அதுவே போதும். கழுத்தை அசைக்காமல் 108-க்காகக் காத்திருப்பது மேல்.

கையில் வெட்டுப்பட்ட நரம்பு நாளுக்கு சுமார் 1 மி.மீ. வளரும். தண்டுவடத்தின் இழைகள் அப்படி வளர்வதில்லை.

சிப் என்ன செய்கிறது?

அர்பாவின் மூளையும் நலம், தசைகளும் உண்டு. நடுவில் பாதை இல்லை. 64 மெல்லிய இழைகளில் உள்ள 1,024 மின்முனைகள் கட்டளையை மூளையிலேயே கேட்டு, கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. தண்டுவடத்தை இது தொடுவதே இல்லை. சில வாரங்களில் பல இழைகள் மூளைத் திசுவில் இருந்து பின்வாங்கியதும் நடந்தது. மென்பொருளை மாற்றி நிறுவனம் சமாளித்தது.

நடக்க வைத்தது வேறொரு குழு. சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள், 2011-ல் விபத்தில் சிக்கிய நெதர்லாந்தின் கெர்ட்-யான் ஓஸ்கமின் மூளைக்கு மேலே உணரிகளையும், கீழ்த் தண்டுவடத்தின் மீது மின்முனைகளையும் வைத்து, இடையே கம்ப்யூட்டரைப் பாலமாக்கினார்கள். 2023 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியான இந்த ஆய்வில், பயிற்சிக்குப் பின் கருவியை அணைத்த நிலையிலும் அவர் ஊன்றுகோலுடன் நடந்தார்.

ஆனால் ஒன்று. ஓஸ்கமின் தண்டுவடம் முழுவதும் அறுந்திருக்கவில்லை, சில இழைகள் மிஞ்சியிருந்தன. முழுவதும் அறுந்தவர்களுக்கும் அதே பலன் கிடைக்கும் என்று இந்த ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது.